மழைக்காலத்தில் நமத்துப்போகும் கஜுவும் சிப் பை செய்யும் யோசனையும்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து வறுத்த கஜு, மிளகாய்த்தூள், குரக்கன் மா மூன்றையும் வாயை அழுத்தி மூடித் திறக்கும் சிப் பைகளில் அடைத்து விற்கிறோம். புறக்கோட்டையில் வாங்கிய பழுப்புக் கடதாசிப் பைகள். முன்பக்கத்தில் உள்ளே தெரியும்படி சாளரம் வைத்தவை. கார்த்திகை பிறந்தால் கஜு நமத்துவிடுகிறது. மிளகாய்த்தூள் பையில் சிப் பொருந்துவதேயில்லை. தரமான சிப் எது? பேசாமல் மட்டக்களப்பிலேயே இந்தப் பைகளைச் செய்யத் தொடங்கினால் என்ன?"

கொழும்புப் பக்கத்துப் பொதியிடல் தொழிற்சாலைகளில் நெடுங்காலம் வேலை செய்துவிட்டு இப்போது கல்லடியில் இருப்பவன் என்பதால் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

கஜு நமத்ததற்குச் சிப்பைக் குற்றம் சொல்லாதீர்கள். கடையில் தொங்கும் வரைக்கும் உங்கள் சரக்கைக் காப்பவை பையின் படலமும், சிப்புக்கு மேலே நீங்கள் சூடு வைத்து ஒட்டும் சீலும்தான். சிப்பின் வேலை அந்தச் சீலைக் கிழித்த பிறகே தொடங்குகிறது. வாங்கியவர் வீட்டுக் குசினியில் சில நாட்கள், அவ்வளவுதான். எவ்வளவு நன்றாகச் செய்த சிப்பும் காற்றை முழுதாக மறிக்காது. மேல் சீலே வைக்காமல் சிப்பை மட்டும் அழுத்திக் கடைக்கு அனுப்புகிறவர்களும் நம்மூரில் இருக்கிறார்கள். வடகீழ்ப் பருவமழையில் அந்தப் பைக்கும் திறந்த பாத்திரத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை.

நீங்கள் அனுப்பிய படத்தில் மேல் சீல் இருக்கிறது. ஆனால் அது கையால் அமுக்கும் சிறிய சீல் இயந்திரம் போட்ட ஒற்றைக் கோடு. 2, 3 மில்லிமீற்றர் அகலம்கூட வராது. அந்த இயந்திரம் மெல்லிய பொலித்தீன் பைக்குச் சரி. கடதாசியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த தடித்த பைக்குள் அதன் சூடு முழுதாக இறங்குவதில்லை. வெளியே ஒட்டியதுபோல் தெரியும், நகத்தால் நெம்பினால் உரிந்துவரும். பட்டி ஓடும் தொடர் சீல் இயந்திரம் ஒன்று உங்களுக்கு வேண்டும். 8 முதல் 10 மில்லிமீற்றர் அகலமான சீல் அதில் கிடைக்கும். புதிய சிப் வாங்க வைத்திருக்கும் பணத்தை முதலில் இதில் போடுங்கள்.

அடுத்தது படலம். பழுப்புக் கடதாசிப் பைக்கு இப்போது நல்ல மவுசு. பார்ப்பதற்கு இயற்கையாக இருக்கிறதாம். அந்தக் கடதாசி ஈரத்தையும் மறிக்காது, காற்றையும் மறிக்காது. மறிப்பது உள்ளே ஒட்டியிருக்கும் படலம்தான். மலிவான பைகளில் அது வெறும் பொலித்தீன். பொலித்தீன் நீராவியை ஓரளவுக்குத் தடுத்தாலும் ஒட்சிசனைத் தாராளமாக உள்ளே விடும். கஜுப் பருப்பில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். ஒட்சிசன் பட்டால் பழைய எண்ணெய் மணம் வரத் தொடங்கும். சாளரம் வழியாக வரும் வெளிச்சம் அதை இன்னும் விரைவுபடுத்தும், மிளகாய்த்தூளின் சிவப்பையும் வெளுக்கச் செய்யும். கஜுவுக்கு நான் சொல்வது மூன்றடுக்குப் பை: வெளியே 12 மைக்ரோன் (மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்) பொலியெஸ்டர், நடுவில் உலோகப்பூச்சுப் பூசிய 12 மைக்ரோன் பொலியெஸ்டர், உள்ளே 70 அல்லது 80 மைக்ரோன் பொலித்தீன். நடுவில் உண்மையான அலுமினியத் தாளே வைத்த பை இதைவிட நல்லது; விலையும் அப்படித்தான். அதை அடிக்கடி மடித்தால் மடிப்பில் ஊசித்துளை விழும் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

கடைக்காரர் எல்லாவற்றையும் "அலுமினியம்" என்றே சொல்வார். கைத்தொலைபேசியின் விளக்கை ஏற்றிப் பைக்குள் விட்டுப் பாருங்கள். விளக்கு மங்கலாகத் தெரிந்தால் உலோகப்பூச்சு. ஒன்றுமே தெரியாவிட்டால் அலுமினியத் தாள். நட்சத்திரம்போல ஆங்காங்கே புள்ளி தெரிந்தால், அது ஊசித்துளை விழுந்த தாள்.

தடிப்பிலும் ஏமாற்று உண்டு. "140 மைக்ரோன்" என்று விற்கும் பையை அளந்தால் இரண்டு சுவரும் சேர்ந்துதான் 140 வரும். ஒரு சுவர் 70. வெறும் பொலித்தீன் பை என்றால் மைக்ரோமீற்றர் இல்லாமலே பிடித்துவிடலாம். ஒற்றைச் சுவரில் பத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் துண்டு வெட்டி, தெரிந்த நகைக்கடைத் தராசில் நிறுங்கள். 100 மைக்ரோன் பொலித்தீன் 0.92 கிராம் இருக்க வேண்டும். பொலியெஸ்டர் சேர்ந்த பை அதே தடிப்பில் இதைவிடச் சற்றுக் கனக்கும்.

ஈரம் பைக்குள் போகும் இன்னொரு வழி நீங்களே. வறுத்த கஜுவை இரவு முழுவதும் தட்டில் ஆறவிட்டுக் காலையில் அடைத்தால் மழைக்காற்றின் ஈரத்தைக் குடித்த கஜுவையே அடைக்கிறீர்கள். சூட்டோடு அடைத்தாலும் பைக்குள் வியர்க்கும். மூடிய பாத்திரத்தில் ஆறவிட்டு அன்றைக்கே அடைத்துவிடுங்கள். குரக்கன் மா இவ்வளவு செல்லம் கேட்காது; ஈரமும் வண்டும் புகாத பை போதும், உலோகப்பூச்சு அதற்கு வீண் செலவு.

இனிச் சிப்புக்கு வருவோம். ஒரு பையை எடுத்து, சிப்பின் குறுக்காகப் புதிய பிளேட்டால் வெட்டி, வெட்டிய முகத்தைக் கமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் அம்புமுனை போன்ற தண்டு. மறுபக்கத்தில் அதைக் கவ்வும் இரண்டு கொக்கிகள். தொழிலில் ஆண் பக்கம், பெண் பக்கம் என்பார்கள். நல்ல சிப்பில் அம்பின் இரண்டு தோள்களும் ஒரே மாதிரி இருக்காது. பையின் உட்புறம் நோக்கிய தோள் கொக்கியில் ஆழமாகச் சிக்கும். வாய்ப்புறத் தோள் சற்றுச் சரிந்திருக்கும். அதனால்தான் வெளியிலிருந்து விரலால் பிரித்தால் இலேசாகத் திறக்கிறது, உள்ளே சரக்கு முட்டினாலோ பை கீழே விழுந்தாலோ திறப்பதில்லை. இரண்டு தோளும் ஒன்றுபோல இருக்கும் சிப்பில் இந்த வித்தியாசம் கிடைக்காது. வாங்குமுன் வெறும் பையில் காற்றை அடைத்து மூடி உள்ளங்கையால் அமுக்குங்கள்; வாய் பிளந்தால் அந்தப் பை வேண்டாம்.

இந்த ஏற்பாட்டுக்கு எழுபது வயதுக்கு மேலாகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த போர்கே மாட்சனின் பிளாஸ்டிக் பூட்டுக்கான உரிமையை, ருமேனியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஒஸ்னிற் குடும்பத்தினர் 1951 இல் வாங்கினார்கள். சிப்பைத் தனியாகச் செய்து பிறகு படலத்தில் ஒட்டுவதுதான் அவர்கள் தொடங்கிய வழி. ஜப்பானில் ககுஜி நைதோவின் சைசன் நிப்பொன் ஷா நிறுவனம் சிப்பும் படலமும் ஒன்றாகவே வெளிவரும் முறையைக் கண்டது. 1968 இல் டவ் நிறுவனம் சிப்லொக் என்ற பெயரில் சந்தையில் பரீட்சித்துப் பார்த்த பை இந்தப் பரம்பரையில் வந்தது.

இரண்டு வழியும் இன்றும் தனித்தனித் தொழில்களாக ஓடுகின்றன. நீங்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள். பாமசியில் மாத்திரை போட்டுத் தரும் தெளிந்த சிறு பை ஒரே உருக்கில் வருவது. உருகிய பொலித்தீனை வட்ட அச்சுவாயால் குழாயாக ஊதும்போதே ஆண் வரியும் பெண் வரியும் சேர்ந்து வரும். பிறகு சூட்டுக் கத்தி குறுக்கே வெட்டி ஓரத்தை ஒட்டிவிடும். உங்களுக்கு வேண்டிய நிற்கும் பை வேறு. அடுக்குப் படலம் ஒரு றோலிலும் சிப் இன்னொரு சுருளிலும் இருந்து வரும். இயந்திரம் பை நிற்பதற்கான அடிமடிப்பை மடித்து, இரண்டு சுவருக்கும் நடுவே சிப்பை ஓடவிட்டு, வெளியிலிருந்து சூட்டுக் கட்டையால் அழுத்திச் சிப்பின் ஓரத்திலுள்ள தட்டையான பட்டியைச் சுவரில் ஒட்டும். இரண்டு பட்டிகளும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் பை திறக்கவே திறக்காது. அதற்காகப் பட்டியின் உள்முகத்தை இலகுவில் உருகாத பிளாஸ்டிக்கில் செய்வார்கள், அல்லது நடுவே ஒரு மெல்லிய தகட்டை விடுவார்கள். கட்டையின் சூடு குறைந்தால் வாடிக்கையாளர் சிப்பைப் பிரிக்கும்போது பட்டி சுவரை விட்டு உரியும். கூடினால் கொக்கி வளைந்து போகும், பிறகு எவ்வளவு அழுத்தினாலும் பூட்டாது.

இந்தத் தொழிலின் முழுக் கெட்டித்தனமும் சிப்பின் இரண்டு முனைகளில்தான் இருக்கிறது. பையின் பக்கச் சீல் மேலிருந்து கீழே வரும்போது சிப்பைக் கடந்தாக வேண்டும். இரண்டு சுவரும் சேர்ந்து 0.2 மில்லிமீற்றர் தடிப்பு. சிப் இருக்கும் இடமோ ஒரு மில்லிமீற்றருக்கு மேல். அதை அப்படியே விட்டுப் பக்கச் சீலை வைத்தால் சூட்டுக் கட்டை சிப்பின் மேட்டில் ஏறி நின்றுவிடும். மேட்டின் இருபுறமும் படலத்தைத் தொடாது. அங்கே மயிரிழை அளவு ஒரு வாய்க்கால் தங்கிவிடும். ஆகவே பக்கச் சீல் விழும் இடத்தில் சிப்பை முன்கூட்டியே சூட்டாலோ கேளா ஒலி அதிர்வாலோ நசுக்கித் தட்டையாக்க வேண்டும். நசுக்கிய இடம் சீலின் அகலத்துக்குள் அடங்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் ஒன்று ஒழுகும், இல்லாவிட்டால் சிப்பின் முனை பூட்டாமல் வாய் பிளந்து நிற்கும். மலிவான பை எங்கே மலிவானது என்று பார்க்க வேண்டுமானால் அந்த மூலையைப் பாருங்கள்.

பரிசோதனை வீட்டிலேயே செய்யலாம். பைக்குள் கால்வாசி நீர் ஊற்றி, அதில் கேக்குக்குப் போடும் சிவப்பு நிறமும் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியும் கலந்து, சிப்பை மூடித் தலைகீழாக வெள்ளைக் கடதாசி மேல் தொங்கவிடுங்கள். சவர்க்காரம் சேர்ந்த நீர் நுண்ணிய வழியையும் விடாது. நடுவில் சொட்டினால் சிப்பின் குறை, மூலையில் சொட்டினால் நசுக்கியதில் குறை. மேல் சீலைச் சோதிக்க வேறு வழி: காற்றோடு சீல் வைத்த பையை நீருக்குள் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. ஒவ்வொரு கட்டிலிருந்தும் சில பைகளை இப்படிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மிளகாய்த்தூள் பையில் சிப் பொருந்தாததற்குப் பை காரணமல்ல. தூள் கொக்கிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. மணல் நிறைந்த தாழ்ப்பாளில் கம்பி இறங்குமா? தூளுக்கென்றே பள்ளத்திலிருந்து துகள் விலக இடம் விட்டுச் செய்த சிப் உண்டு. ஆனால் அதைத் தேடி அலையுமுன் ஒரு புனல் வாங்குங்கள். குழாய் நீளமான புனல். அதன் நுனி சிப்பைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். தூளைக் கொட்டியதும் புனலைச் சட்டென்று இழுக்காமல் தட்டிவிட்டு எடுங்கள். தூளின் மட்டம் சிப்புக்குக் கீழே குறைந்தது மூன்று சென்ரிமீற்றர் நிற்கட்டும். பிறகு காய்ந்த துணியால் சிப்பையும், அதற்கு மேலே சீல் வைக்கும் இடத்தையும் துடைத்துவிடுங்கள். சீல் வைக்கும் இடத்தில் தூள் ஒட்டியிருந்தால் எந்த இயந்திரமும் ஒட்டாது. இப்படிச் செய்தால் உங்கள் மிளகாய்த்தூள் முறைப்பாட்டில் பெரும்பகுதி இந்தப் பைகளிலேயே தீர்ந்துவிடும்.

பையின் அளவைக் கிராமில் யோசிக்கக் கூடாது. கன அளவில் யோசிக்க வேண்டும். 250 கிராம் மிளகாய்த்தூள் அரை லீற்றருக்கு மேல் இடம் பிடிக்கும், அதே நிறைக் குரக்கன் மா பிடிக்கும் இடம் வேறு. அடைத்துத் தட்டிப் பார்த்து வாங்குங்கள். சிப்புக்கு மேலே மிஞ்சும் உதட்டைப் பலர் கவனிப்பதில்லை. மேல் சீலைக் கிழித்த பிறகும் விரல் பிடிக்க இரண்டு சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய்க் கையோடு அடுப்படியில் நிற்கிறவர் சிப்பைத் திறக்க முடியாமல் பையையே கத்தரிக்கோலால் வெட்டுவார். கிழிப்பதற்கான வெட்டு இரு பக்கமும் ஒரே மட்டத்தில், சிப்புக்கு ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாத உயரத்தில் இருக்கட்டும். உட்புறப் பொலித்தீன் தடிப்பாக இருந்தால் கிழிவு நேராகப் போகாமல் இழுபட்டுக் கீழே சரியும். சிப்பைக் கடந்துவிட்டால் நீங்கள் சிப்புக்குக் கொடுத்த காசு முழுவதும் குப்பையில். வாங்குமுன் இரண்டு பையைக் கிழித்துப் பாருங்கள்.

இதில் எனக்கு ஆத்திரம் வரும் ஒரு விடயம்: உற்பத்தித் திகதியையும் முடிவுத் திகதியையும் கிழித்தெறியும் மேல் துண்டில் அடிப்பது. பையைத் திறந்த அன்றைக்கே திகதி குப்பைக்குப் போய்விடுகிறது. பிறகு எதற்கு மீள மூடும் பை? திகதியைச் சிப்புக்குக் கீழே அடியுங்கள். லேபலின் மற்ற விடயங்களுக்கு 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. மாதிரி லேபலை அச்சிடுமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டிவிடுங்கள்.

சிப் எல்லாவற்றுக்கும் வேண்டியதுமில்லை. ஒரே வேளையில் தின்று முடியும் 50 கிராம் கஜுப் பைக்குச் சிப் எதற்கு? அதே காசை நல்ல படலத்தில் போடலாம். மாறாக, வாழைச்சேனையிலும் கல்முனையிலும் கருவாடு விற்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இவர்களுக்கல்லவா சிப் வேண்டும் என்று நினைப்பேன். பாதி எடுத்துச் சமைத்துவிட்டு மீதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வீடே மணக்கிறது. அதற்கும் வெறும் பொலித்தீன் உதவாது; மணம் சுவரையே கடந்து வரும், முள்ளும் குத்தும். முள்ளைத் தாங்க நைலோன் அடுக்குச் சேர்த்த பை வேண்டும்.

இப்போது உங்கள் பெரிய கேள்வி: இங்கே தொழிற்சாலை. சிப்பை நீங்களே உருக்கி இழுக்கும் எண்ணம் வேண்டாம். அதன் அச்சுவாயில் மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக்குச் சண்டை நடக்கும். உலகமெங்கும் பை செய்கிறவர்களில் பெரும்பாலானோர் சிப்பைச் சுருளாக வாங்கித்தான் ஒட்டுகிறார்கள். படலங்களை அடுக்காக ஒட்டும் வேலையும் வேண்டாம். அதற்கான பொலியூரிதேன் பசை காற்றிலுள்ள ஈரத்தோடும் வினைபுரியும். வாவிக்கும் கடலுக்கும் நடுவிலிருக்கும் நம் ஊர்க் காற்றில் ஈரப்பதத்தை அடக்கிவைக்கும் அறை இல்லாமல் செய்தால் படலத்துக்கு நடுவே குமிழி கட்டும். பசையைக் கரைக்கும் ஈதைல் அசிற்றேற்று தீப்பிடிக்கக்கூடியது. முழுதாக உலராவிட்டால் அதன் வாடை சரக்கிலும் ஏறும். சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம், தீயணைப்பு ஏற்பாடு எல்லாம் சேர்ந்தால் ஐந்து பேர் தாங்கும் தொழிலல்ல.

அச்சிட்டு அடுக்கிய றோலையும் சிப் சுருளையும் வெளியில் வாங்கி, பையாக மாற்றும் இயந்திரம் ஒன்றை மட்டும் இங்கே போடுவது முடியாத காரியமில்லை. அதற்குமுன் ஒரு கணக்கு. அப்படிப்பட்ட இயந்திரம் நிமிடத்துக்கு 80 வெட்டு வீதம் நிற்காமல் ஓடினால் எட்டு மணி நேரத்தில் 38,400 பைகள் விழும். உங்கள் மூன்று சரக்குக்கும் மாதத்துக்கு எத்தனை பை வேண்டும்? ஏறாவூரிலிருந்து பொத்துவில் வரைக்கும் உங்களைப்போல் பொதி செய்கிறவர்களைக் கூட்டினால் எத்தனை வரும்? அளவுக்கு அளவு இயந்திரத்தை மாற்றிப் பூட்டும் ஒவ்வொரு தடவையும் சூடும் அழுத்தமும் சரிவரும் வரைக்கும் விழும் பைகள் கழிவு. மின்சாரம் ஒரு நிமிடம் போய் வந்தாலும் அப்படித்தான். பைகளின் எண்ணிக்கையை முதலில் கணக்கெடுங்கள். மாதம் முழுவதும் இயந்திரம் ஓட வேலை இருக்கிறதென்று தெரிந்தால் மட்டும் விலை கேளுங்கள்.

அந்த எண்ணிக்கை வரும்வரை நான் உங்களிடத்தில் இருந்தால் பொதுவான பொதி நிலையம் ஒன்றைத்தான் நாலைந்து குழுக்களோடு சேர்ந்து போடுவேன். குளிரூட்டிய ஒரு சின்ன அறை, தொடர் சீல் இயந்திரம், நல்ல தராசு, திகதி அடிக்கும் கருவி. பொத்துவில்காரர் கச்சானையும் நீங்கள் கஜுவையும் வெவ்வேறு நாட்களில் கொண்டுவந்து அடைக்கலாம். மழைக்காலத்தில் இந்த அறை தரும் பலனைச் சொந்தப் பைத் தொழிற்சாலை தராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் இறந்த செய்தி 2022 இல் உலகமெங்கும் போனது. பொலியெஸ்டரும் அலுமினியமும் பொலித்தீனும் ஒட்டிய பையைப் பிரித்து மீள்சுழற்சி செய்ய இங்கே வழியில்லை. குரக்கன் மாவைப் போன்ற சரக்குக்குச் சுவர், சிப், அடிமடிப்பு மூன்றுமே பொலித்தீனாக இருக்கும் பை இப்போது சந்தைக்கு வருகிறது. சூட்டில் சற்று விரைவில் சுருங்கும் என்பதால் சீல் வைக்கும்போது இயந்திரத்தின் சூட்டைக் குறைக்க வேண்டியிருக்கும். அடுத்த கொள்வனவில் குரக்கன் மாவுக்கு மட்டும் அதைக் கேட்டுப் பாருங்கள்.

அச்சிட்ட பைக்கு அவசரம் வேண்டாம். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி அச்சு உருளை வெட்ட வேண்டும். அந்தச் செலவு பை விற்றாலும் விற்காவிட்டாலும் உங்கள் தலையில்தான். வெறும் வெள்ளிநிறப் பையில் நல்ல லேபலை ஒட்டி இந்த மாரியைக் கடத்துங்கள். அச்சிடும் நாள் வரும்போது ஆறு நிறம் கேட்காமல் இரண்டு நிறத்தில் வரையச் சொல்லுங்கள், சாளரம் இல்லாமல்.